புறக்கோட்டைக் கடை ஒன்றை வக்ஃப் செய்வதற்கான வழிகள்: ஓர் ஒப்பீடு

என் பெரிய மாமாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. புறக்கோட்டையின் குறுக்குத் தெரு ஒன்றில், எட்டுப் பேர்ச் காணியில், அவருக்கு ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. கீழே இரண்டு கடைகள், மேலே ஒரு களஞ்சியம். அவற்றிலிருந்து வரும் வாடகையில் பாதி வறிய மாணவரின் கல்விக்கும், மற்றப் பாதி சிறுநீரக நோயாளரின் இரத்தச் சுத்திகரிப்புச் செலவுக்கும், தன் காலத்துக்குப் பிறகும் நிற்காமல் போய்ச் சேர வேண்டும் என்பது அவருடைய நிய்யத், அதாவது மனத்தில் கொண்ட எண்ணம். மாமி மவுத்தானது (இறந்தது) அந்த நோயில்தான். பிள்ளைகள் மூவரும் மனமொப்பிச் சம்மதித்துவிட்டார்கள். இப்படிச் சொத்தை விற்காமல் நிறுத்திவைத்து, அதன் பலனை என்றைக்கும் தர்மத்துக்கு விடுவதே வக்ஃப். எஞ்சியிருப்பது, சொத்தை யாரிடம், எந்தச் சட்டத்தின் கீழ், எந்த வடிவத்தில் ஒப்படைப்பது என்ற கேள்விதான்.

கொழும்பிலுள்ள ஒரு பள்ளிவாசலின் நம்பிக்கையாளர் சபையில், அதாவது அதன் சொத்தை நிர்வகிக்கும் சபையில், பதினொரு வருடங்கள் கணக்குப் பார்த்தவன் என்பதால் அந்தக் கேள்வி என்னிடம் வந்தது. குடும்பத்தாருக்காக எழுதத் தொடங்கிய குறிப்பையே, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே விரித்து எழுதுகிறேன்.

எந்த வழியையும் நான் ஒரே கேள்வியைக் கொண்டுதான் அளந்திருக்கிறேன். வக்ஃப் செய்தவர் மவுத்தாகி முப்பது வருடங்கள் கழிந்த பிறகு, இந்த மாத வாடகை எங்கே போயிற்று என்று கேட்கும் உரிமையும் அக்கறையும் யாருக்கு இருக்கும்? செலவு, வேகம், வரி ஆகியவையும் முக்கியமே. ஆனால் இந்தக் கேள்விக்கு விடையில்லாத வடிவம் எவ்வளவு மலிவாகவும் எளிதாகவும் இருந்தாலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குக் காரணம் உண்டு. நான் கணக்குப் பார்த்த காலத்தில், முந்திய தலைமுறையில் ஒருவர் பள்ளிவாசலுக்கு எழுதிவைத்த வீடு ஒன்றின் கோப்பு என் கைக்கு வந்தது. அநாதைப் பிள்ளைகளுக்காகவே அவர் அதைக் கொடுத்தார் என்பதை ஊரிலுள்ள வயதானவர்கள் எல்லாரும் அறிவார்கள். உறுதியிலோ, அதாவது சொத்தைக் கைமாற்றும் ஆவணத்திலோ, ‘பள்ளிவாசலின் நற்காரியங்களுக்கு’ என்று மட்டும் இருந்தது. வாடகை பல வருடங்களாக மின்சாரக் கட்டணத்துக்கும் வெள்ளையடிப்புக்கும் போய்க்கொண்டிருந்தது. வாடகைத் தொகையோ அந்தப் பகுதியில் மற்றவர்கள் வாங்குவதில் சிறு பங்குகூட இல்லை. யாரும் ஒரு சதமும் திருடவில்லை. ஆயினும் அந்த வீட்டின் பலன் ஓர் அநாதைப் பிள்ளையையும் போய்ச் சேரவில்லை. அதை எண்ணும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

மார்க்கம் கேட்பது என்ன, நாட்டுச் சட்டம் தருவது என்ன

உமர் (ரழி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, மூலத்தைத் தடுத்து வைத்து அதன் பலனைத் தர்மம் செய்யலாம் என்று வழிகாட்டப்பட்டதும், அந்நிலம் விற்கப்படாமலும் அன்பளிப்பாகக் கொடுக்கப்படாமலும் வாரிசாகப் பங்கிடப்படாமலும் வைக்கப்பட்டதும் வக்ஃபின் அடிப்படை. அந்தச் செய்தியில் பலரும் கவனியாத இரண்டு விவரங்கள் நம் முடிவுக்கு நேரடியாகப் பயன்படுகின்றன. ஒன்று, நிலத்தைப் பொறுப்பேற்று நடத்துபவர் சேர்த்து வைக்கும் நோக்கமின்றி, நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம் என்று அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அதாவது வக்ஃபை நிர்வகிக்கும் முத்தவல்லிக்கு அளவான ஊதியம் கொடுப்பது குற்றமல்ல. மற்றது, அந்த வக்ஃபின் பொறுப்பை உமர் (ரழி) அவர்கள் தம் மகள் ஹஃப்ஸா (ரழி) அவர்களிடம் கொடுத்தார்கள். மாமாவின் மூத்த மகள் ஒரு கணக்காளர். அவர் இந்தச் சொத்தை நிர்வகிக்கலாமா என்று குடும்பத்தில் எழுந்த தயக்கத்துக்கு ஆதாரபூர்வமான விடை அங்கேயே இருக்கிறது.

நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். விருப்பாவணமின்றி (உயில் எழுதாமல்) இறக்கும் முஸ்லிம்களின் சொத்துரிமையையும் வக்ஃபுகளையும் பற்றிய கட்டளைச் சட்டம் 1931 இல் வந்தது. வக்ஃபு பற்றிய பகுதி போதாது என்று கண்டு, 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க முஸ்லிம் பள்ளிவாசல்கள், தர்ம நம்பிக்கைப் பொறுப்புகள் அல்லது வக்ஃபுகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1962 இலும் 1982 இலும் அது திருத்தப்பட்டது. வக்ஃபு வழக்குகளைத் தனியே விசாரிக்கும் வக்ஃபு நியாய சபை 1982 ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் உருவானது. இலங்கையின் வக்ஃபு சபை மேற்பார்வை செய்யும் சபையே தவிர, சொத்துகளைத் தன் பெயரில் வைத்திருக்கும் சபை அல்ல. ஒவ்வொரு பள்ளிவாசலுக்கும் வக்ஃபுக்கும் தனித்தனி நம்பிக்கையாளர்கள் இருக்கிறார்கள். 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சனத்தொகையில் 9.7 சதவீதமாக இருந்த ஒரு சமூகத்துக்கு, தனக்கென ஒரு சட்டமும் அதற்கென ஒரு நியாய சபையும் இருப்பது சிறிய விஷயமல்ல. அதைப் பயன்படுத்தாமல் விடுவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

இந்த இடத்தில் கொழும்புச் சோனகரின், அதாவது நம் முஸ்லிம் சமூகத்தாரின், பழைய வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் பாட்டன்மாரின் உறுதிகளை எடுத்துப் பார்த்தால், பேரப்பிள்ளைகள் வரை சொத்தை விற்க முடியாதபடி கட்டிவைக்கும் பிடெய்கொமிசம் என்ற ரோமன் டச்சுச் சட்ட வடிவத்தைப் பல குடும்பங்கள் கையாண்டிருப்பது தெரியும். 1972 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அந்த வடிவத்தை ஒழித்தது. என்றைக்கும் நிலைக்கும் என்று நம்பி எழுதிய எத்தனையோ கட்டுகள் அதோடு அவிழ்ந்தன. ஒரு சட்ட வடிவத்தின் ஆயுளை அதை எழுதிய நொத்தாரிசின் (ஆவணம் எழுதும் சட்டத்தரணியின்) சொற்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதை நம் குடும்பங்களே ஒருமுறை அனுபவித்திருக்கின்றன.

பள்ளிவாசலுக்கே எழுதிக் கொடுப்பது

மிக எளிய வழி இதுதான். மாமாவின் முதல் எண்ணமும் இதுவே. நம்பிக்கையாளர் சபை ஏற்கெனவே இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, ஜும்ஆவுக்கு வரும் ஜமாஅத்தார் இருக்கிறார்கள். கொழும்பில் இதற்கு நல்ல முன்மாதிரிகளும் உண்டு. கொம்பனித்தெருவில் வேகந்தைப் பள்ளிவாசல் 1786 இல் ஒரு மலாயரின் கொடையில் எழுந்து இன்றும் நிற்கிறது. 1892 இல் ஸாஹிராக் கல்லூரி தொடங்கியது மருதானைப் பள்ளிவாசலின் நிலத்தில்தான். பள்ளிவாசல் சொத்து தொழுகைக்கு அப்பாலும் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று நம்மிடம் இல்லை.

ஆனால் பள்ளிவாசல் எப்போதும் தேவையுள்ள இடம். கூரை ஒழுகும், ஒலிபெருக்கி பழுதாகும், இமாமின் சம்பளம் உயர வேண்டும். மாணவனும் நோயாளியும் நம்பிக்கையாளர் கூட்டத்துக்கு வந்து உட்கார்வதில்லை. கூரை மட்டும் எல்லாருக்கும் தெரிகிறது. ஆகவே, பள்ளிவாசலின் பொது வருமானத்தோடு கலக்கும் எந்தச் சொத்தும் காலப்போக்கில் பள்ளிவாசலின் பராமரிப்புக்கே போய்ச் சேரும். அதற்கு யாருடைய தீய எண்ணமும் தேவையில்லை. சொத்தைக் கொடுப்பவரின் நோக்கமே பள்ளிவாசலின் செலவு என்றால் இந்த வழியைவிடச் சிறந்தது இல்லை. மாமாவின் நோக்கம் அதுவல்ல.

தனி வக்ஃபாகப் பதிவு செய்வது

1956 ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிவாசல்களை மட்டுமன்றி, தர்ம நம்பிக்கைப் பொறுப்புகளையும் வக்ஃபுகளையும் தனியே பதிவு செய்ய இடமளிக்கிறது. சட்டத்தின் பெயரிலேயே அது இருந்தும், நம்மில் பெரும்பாலோர் வக்ஃப் என்றதும் பள்ளிவாசலையே நினைக்கிறோம். இந்த வழியில் கடைக் கட்டடம் தன்னளவில் ஒரு வக்ஃபாக நிற்கும். அதற்கென முத்தவல்லிகள், அதற்கென வங்கிக் கணக்கு, அதற்கென ஆண்டுக் கணக்கறிக்கை. முத்தவல்லிகள் கடமை தவறினால் வக்ஃபு சபையிடம் முறையிடலாம், அதற்கு மேல் நியாய சபைக்குப் போகலாம். என் கேள்விக்குச் சட்டத்தில் எழுதப்பட்ட விடை இருக்கும் வழி இது.

குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். வக்ஃபு சபையின் உறுப்பினர்களை அமைச்சர் நியமிக்கிறார். ஆட்சி மாறும்போது சபையும் மாறலாம், சபை மாறும்போது கோப்புகள் மேசையில் காத்திருக்கலாம். நாடு முழுவதுமுள்ள பள்ளிவாசல்களின் நம்பிக்கையாளர் நியமனங்களும் தகராறுகளும் அந்த ஒரே சபையின் முன் வருவதால், ஒழுங்காக நடக்கும் சிறிய வக்ஃபு ஒன்றை அது தானாகத் தேடி வந்து பார்க்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முறைப்பாடு வந்தால்தான் மேற்பார்வை விழிக்கும். எனவே முறைப்பாடு செய்யக்கூடியவர் யார் என்பதை உறுதியிலேயே ஏற்பாடு செய்ய வேண்டும். உதவி பெறும் மாணவருக்குப் பாடம் சொல்லும் பாடசாலையின் அதிபர், நோயாளருக்கு உதவும் சங்கம் ஒன்று, குடும்பத்தின் அடுத்த தலைமுறையில் ஒருவர் என்று மூன்று தரப்புக்கு வருடந்தோறும் கணக்கின் நகல் போக வேண்டும் என்று எழுதிவிட்டால், கேட்பதற்கு ஆள் இருப்பார்கள்.

இரண்டாவது குறை மார்க்கம் சார்ந்தது. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்ட மரபில்), வக்ஃப் சொத்தை விற்று வேறொன்று வாங்குவது மிகக் கடுமையாகவே பார்க்கப்படுகிறது. ஹனஃபி மத்ஹபில், மாற்றிக்கொள்ளும் உரிமையை வாகிஃப், அதாவது வக்ஃப் செய்பவர், தன் உறுதியிலேயே நிபந்தனையாக வைத்திருந்தால் இடமுண்டு. புறக்கோட்டையில் இன்று நல்ல வாடகை வரும் தெரு இருபது வருடத்தில் என்னவாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1950 ஆம் ஆண்டுக் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் காணியை எடுத்துக்கொள்ளவும் கூடும். அப்படி நேர்ந்தால் கிடைக்கும் நட்டஈட்டுப் பணம் முழுவதையும் கொண்டு வேறு சொத்து வாங்க வேண்டும் என்றும், அந்தச் சொத்தும் இதே நிபந்தனைகளோடு வக்ஃபாகும் என்றும் முன்கூட்டியே எழுதிவைப்பது, மத்ஹபுகளுக்கிடையிலான கருத்து வேறுபாட்டை நம் பேரப்பிள்ளைகளின் தலையில் சுமத்தாமல் இருப்பதற்கான வழி. எதை எழுதுவதற்கு முன்னும் ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவரிடம் வாசகத்தைக் காட்டிவிட வேண்டும்.

பொது நம்பிக்கைப் பொறுப்பும் கம்பனியும்

1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பொதுவானது. அதன் கீழ் தர்ம நம்பிக்கை ஒன்றை உருவாக்கினால், சர்ச்சைகள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். சட்டத்தரணிகள் பலருக்கும் பழகிய பாதை இது. மாமாவின் நோயாளர் உதவி மதம் பாராமல் எல்லாருக்கும் போக வேண்டும் என்பதால் பொதுச் சட்டமே பொருத்தம் என்று ஒரு சட்டத்தரணி வாதிட்டார். அந்த வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. வறியவருக்குச் செய்யும் தர்மத்தில் முஸ்லிம் அல்லாதவர் பயன்பெறுவதை வக்ஃபு தடுப்பதில்லை. அதை உறுதியில் வெளிப்படையாக எழுதினால் போதும். இதைவிட எனக்குப் பெரிதாகத் தெரியும் ஆபத்து, வக்ஃப் என்ற சொல்லைப் பயன்படுத்திவிட்டு, நிர்வாகத்தைப் பொது நம்பிக்கைப் பொறுப்பாக நடத்தலாம் என்று எண்ணுவது. எந்தச் சட்டம் பொருந்தும் என்ற வாதத்திலேயே வழக்கு ஐந்து வருடம் ஓடிவிடும். அந்த ஐந்து வருடமும் வாடகை நீதிமன்ற வைப்பில் கிடக்கும். எந்தப் பாதை என்பதை முதலிலேயே தெரிந்து, அதற்குரிய சொற்களை மட்டும் எழுத வேண்டும்.

உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி ஒன்றை 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தொடங்கிச் சொத்தை அதன் பெயருக்கு மாற்றுவது, இளைய தலைமுறைக்குப் பிடித்தமான வழி. கணக்காய்வு கட்டாயம், பணிப்பாளர்களின் பெயர் பதிவாளரிடம் இருக்கும், வெளிநாட்டிலுள்ள உறவினரும் வங்கியும் எளிதில் புரிந்துகொள்ளும் அமைப்பு. இவையெல்லாம் உண்மையே. ஆனால் கம்பனியின் அமைப்பு விதிகளை அதன் உறுப்பினர்கள் விசேட தீர்மானத்தால், அதாவது வாக்களிப்போரில் 75 சதவீதத்தினரின் சம்மதத்தால், மாற்றலாம். கம்பனி தன் காணியை விற்கலாம், அடகு வைக்கலாம். விற்கப்படாது, கொடுக்கப்படாது, பங்கிடப்படாது என்ற மூன்று நிபந்தனைகளையும் கம்பனி தன் இயல்பிலேயே தாங்கிக்கொள்வதில்லை. பல சொத்துகளைச் சேர்த்து நிர்வகிக்கும் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு இது பொருந்தும். அப்போதும் சொத்தின் உரிமையை வக்ஃபிலேயே வைத்துவிட்டு, நிர்வாகத்தை மட்டும் கம்பனியிடம் ஒப்பந்தமாகக் கொடுப்பதே பாதுகாப்பு. ஒரேயொரு கடைக் கட்டடத்துக்குக் கம்பனி அமைத்தால் ஆண்டு அறிக்கைச் செலவே ஒரு மாணவனின் வருடக் கட்டணத்தைத் தின்றுவிடும்.

தனிச் சட்டம் ஒன்றின் மூலம் கூட்டிணைப்பது, அதாவது சட்டபூர்வ நிறுவனமாக்குவது, பற்றியும் சிலர் கேட்டார்கள். மருதானைப் பள்ளிவாசலுக்கு 1924 இல் தனிக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. மார்க்க அறிஞர்களின் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா 2000 இல் பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. அவை சமூகம் முழுவதற்குமான நிறுவனங்கள். குடும்பச் சொத்து ஒன்றுக்கு அந்தக் கதவைத் தட்ட வேண்டியதில்லை.

கட்டடத்தை விற்றுப் பண வக்ஃபாக்குவது

மாமாவின் இளைய மகன் இதைப் பலமாக ஆதரித்தார். பழைய கட்டடம், பழைய வாடகைக்காரர், ஒழுகும் களஞ்சியம் என்ற தொல்லைகளெல்லாம் எதற்கு. விற்றுப் பணத்தை இஸ்லாமிய வங்கி முறையில் முதலிட்டு, இலாபத்தைத் தர்மம் செய்யலாமே என்பது அவருடைய வாதம். மார்க்கத்தில் இதற்கு முற்றாக இடமில்லை என்று சொல்ல முடியாது. ஹனஃபி அறிஞர்களில் இமாம் ஸுஃபர் அவர்களின் கருத்தை ஆதாரமாகக் கொண்டு, உஸ்மானிய ஆட்சியில் பதினாறாம் நூற்றாண்டிலேயே பண வக்ஃபுகள் பரவலாக நடந்தன. பங்கிட்டு வாங்கும் வசதியும் இதில் உண்டு. ஒரு கடை வாங்க முடியாதவரும் பத்தாயிரம் ரூபாவோடு பங்கெடுக்கலாம்.

ஆனால் இந்த நாட்டில் 2022 ஐ அனுபவித்த ஒருவர் அதை எளிதில் ஏற்க முடியாது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. ஒரு வருடத்துக்கு முன் 10 இலட்சம் ரூபாவுக்கு வாங்கிய அதே பொருட்களுக்கு ஏறத்தாழ 17 இலட்சம் தேவைப்பட்டது. இலாபத்தை வருடந்தோறும் முழுவதும் செலவழித்துவிடும் பண வக்ஃபு ஒன்று அப்படிப்பட்ட வருடத்தில், ஏட்டில் ஒரு சதமும் குறையாமல், உண்மையில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்துவிடும். மூலத்தைத் தடுத்து வைப்பது என்பதன் பொருள் ரூபாவின் எண்ணிக்கையைக் காப்பதா, அதன் வாங்கும் சக்தியைக் காப்பதா என்று கேட்டால், நோயாளியின் பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கு விடை தெளிவு. எட்டுப் பேர்ச் காணி அந்த வருடத்திலும் எட்டுப் பேர்ச்சாகவே இருந்தது. பண வக்ஃபை நான் முற்றாக ஒதுக்கவில்லை. கட்டடத்தின் திருத்தச் செலவுக்கென ஒதுக்கும் நிதியை அந்த வடிவில் வைப்பது நல்லது. கட்டடத்துக்குப் பதிலாக அதை வைப்பது வேறு.

சிங்கப்பூரும் இந்தியாவும் காட்டுவது

முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழும் மற்ற நாடுகளைப் பார்த்தால் இரண்டு எதிரெதிர் அனுபவங்கள் கிடைக்கின்றன. சிங்கப்பூரில் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின் கீழ் 1968 இல் அமைந்த சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்திடம் எல்லா வக்ஃபுகளின் உரிமையும் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. நம் தமிழ் முஸ்லிம் வணிகர் சவுத் பிரிட்ஜ் சாலையில் எழுப்பிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் அந்த ஏற்பாட்டினுள்தான் வாழ்கிறது. மன்றத்தின் துணை நிறுவனமான வாரீஸ் மூலம், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கூட்டு முதலீட்டுப் பத்திரங்களால் 6 கோடி சிங்கப்பூர் டொலர் திரட்டப்பட்டது. பென்கூலன் தெருவிலிருந்த பழைய பள்ளிவாசல் நிலத்தில் புதிய பள்ளிவாசலும் வணிகத் தளங்களும் சேவைக் குடியிருப்புகளும் எழுந்தன. வருமானம் முன்னெப்போதையும்விடப் பல மடங்கு உயர்ந்தது. தனித்தனி முத்தவல்லிகள் ஆயிரம் வருடம் முயன்றாலும் இயலாத காரியம் அது.

அதைப் படிக்கும்போது நமக்கும் அப்படியொன்று வேண்டும் என்று மனம் ஏங்குவது இயல்பு. எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. ஆனால் அந்த ஏற்பாடு நிற்பது நேர்மையான, நிலையான பொது நிர்வாகம் என்ற ஒரே தூணின் மேல். எல்லாச் சொத்தும் ஓரிடத்தில் இருக்கும்போது நன்மையும் ஒரேயடியாக வரும்; தவறு நேர்ந்தால் அதுவும் ஒரேயடியாக வரும்.

இந்தியாவின் அனுபவம் மறுபக்கத்தைக் காட்டுகிறது. இந்திய முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழுவின் 2006 ஆம் ஆண்டு அறிக்கை, பதிவான வக்ஃபுகள் 4.9 இலட்சம், நிலம் 6 இலட்சம் ஏக்கர், ஏட்டு மதிப்பு 6,000 கோடி ரூபாய், சந்தை மதிப்பு 1.2 இலட்சம் கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. அவ்வளவு சொத்திலிருந்தும் கிடைத்த ஆண்டு வருமானம் 163 கோடிதான். சந்தை மதிப்பில் பத்து சதவீத வருமானம் கிடைத்தாலே 12,000 கோடி ஆகும் என்று அதே அறிக்கை சுட்டிக்காட்டியது. 1995 ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலந்தோறும் வாரியங்களை அமைத்து அவற்றுக்கு விரிந்த அதிகாரங்களைக் கொடுத்திருந்தும் இதுவே நிலை. பிறகு 2025 இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம், வாரியங்களில் முஸ்லிம் அல்லாதோரைச் சேர்ப்பது முதல், நெடுங்காலப் பயன்பாட்டினால் வக்ஃபாவதை இனி ஏற்காமல் விடுவது வரை அடிப்படைகளை மாற்றியது. அவ்வருடம் செப்டெம்பரில் உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளை மட்டும் இடைக்காலமாக நிறுத்திவைத்தது. பெரும்பான்மையின் வாக்கினால் எழுதப்படும் சட்டம் பெரும்பான்மையின் வாக்கினாலேயே மாற்றப்படும் என்பதை ஒரு சிறுபான்மைச் சமூகம் மறக்கக் கூடாது. எழுத்தில் உறுதி இல்லாமல், எல்லாரும் அறிவார்கள் என்ற நம்பிக்கையில் மட்டும் நிற்கும் வக்ஃபுகளே அத்தகைய மாற்றங்களில் முதலில் ஆபத்துக்குள்ளாகின்றன. கொழும்பிலும் அப்படிப்பட்ட மையவாடிகளும் (அடக்கத்தலங்களும்) தைக்காக்களும் (சிறு வழிபாட்டு இடங்களும்) உண்டு. அவற்றின் நம்பிக்கையாளர்கள் இதை வாசித்தால், நில அளவைப் படத்தையும் உறுதியையும் இன்றே தேடி எடுக்க வேண்டுகிறேன்.

மாமாவுக்கு நான் சொன்னது

1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனி வக்ஃபாகப் பதிவு செய்வதே மாமாவின் நிய்யத்துக்குப் பொருத்தம் என்பது என் முடிவு. அதன் பலம் பெரும்பாலும் உறுதியின் வாசகத்தில் இருக்கிறது. காணி பற்றிய எந்த ஆவணமும் 1840 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும்; எழுதியபின் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். அதை எல்லாரும் செய்கிறார்கள். செய்யத் தவறுவது மற்றவற்றைத்தான்.

வாடகையில் முதல் உரிமை கட்டடத்துக்கு என்று எழுத வேண்டும். பழுதான கட்டடம் யாருக்கும் தர்மம் செய்யாது என்பதால், பராமரிப்பே முதற்செலவு என்பது ஃபிக்ஹின் (மார்க்கச் சட்டத்தின்) நிலைப்பாடும் ஆகும். அதன்பின் மிஞ்சுவதில்தான் இரு பாதிகள். முத்தவல்லிகள் மூவர்: குடும்பத்திலிருந்து ஒருவர், அது முதலில் மூத்த மகள்; கணக்கோ சட்டமோ அறிந்த வெளியார் ஒருவர்; கல்வித் துறையிலிருந்து ஒருவர். ஒருவர் விலகினாலோ மவுத்தானாலோ மற்ற இருவரும் மூன்று மாதத்துக்குள் இன்னொருவரைத் தெரிவு செய்து வக்ஃபு சபைக்கு அறிவிக்க வேண்டும். தவறினால் சபையே நியமிக்கலாம். முத்தவல்லிகளோ அவர்களின் நெருங்கிய உறவினரோ அந்தக் கடைகளை வாடகைக்கு எடுக்கக் கூடாது. இந்த ஒரு வரி இல்லாததால் சிதைந்த வக்ஃபுகளை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீண்ட குத்தகைக்கோ எந்தவிதமான கைமாற்றத்துக்கோ சபையின் எழுத்து மூல அனுமதி முன்கூட்டியே வேண்டும் என்றும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வாடகை சந்தை நிலவரத்தோடு ஒப்பிடப்பட வேண்டும் என்றும் சேர்க்க வேண்டும்.

வாடகைக்காரர் விஷயம்தான் எல்லாவற்றிலும் சிக்கலானது. கீழ்க்கடைகளில் ஒன்று மாமாவின் வாப்பா காலத்திலிருந்து ஒரே குடும்பத்திடம் இருக்கிறது. 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் தங்களைப் பாதுகாக்கிறது என்று சொல்லும் அவர்கள் கொடுக்கும் மாத வாடகை, மற்றக் கடையின் ஒரு வார வாடகைக்கும் குறைவு. வக்ஃப் ஆவதற்கு முன், சொந்தக்காரர் என்ற முறையில் மாமா அவர்களோடு பேசலாம், விட்டுக்கொடுக்கலாம், தேவையானால் தன் கைப்பணத்திலிருந்து ஒரு தொகை கொடுத்துப் புதிய உடன்படிக்கைக்கு வரலாம். வக்ஃப் ஆனபின் முத்தவல்லிக்கு அந்தச் சுதந்திரம் இருக்காது. ஏழை மாணவரின் பணத்திலிருந்து வாடகைக்காரருக்கு இழப்பீடு கொடுக்க எந்த நேர்மையான முத்தவல்லியும் துணிய மாட்டார். அப்படியே விட்டால் அந்தக் கடை பெயரளவில் மட்டுமே வக்ஃபாக இருக்கும்.

அதேவேளை காலம் தாழ்த்தவும் முடியாது. மரண நோயில் செய்யப்படும் வக்ஃபு, வஸிய்யத்தை (மரண சாசனத்தை) போலச் சொத்தின் மூன்றிலொரு பங்குக்குள் அடக்கப்படும் என்பது ஃபிக்ஹ் விதி. மாமாவிடம் இந்தக் கட்டடத்தைத் தவிரப் பெரிதாக வேறொன்றும் இல்லை. அவர் நல்ல தேகசுகத்தோடு இருக்கும் இந்த மாதங்களிலேயே கையெழுத்து விழ வேண்டும்.

உறுதியின் வரைவு இப்போது ஆலிம் ஒருவரின் கையில் இருக்கிறது. சட்டத்தரணி அதை ஏற்கெனவே ஒருமுறை திருத்திவிட்டார். பழைய வாடகைக்காரரின் வீட்டுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் மாமாவும் மூத்த மகளும் நானும் போகிறோம். அந்தக் குடும்பத்தின் பெரியவரும் மாமாவும் சிறுவயதில் ஒரே மத்ரஸாவில் ஓதியவர்கள். வாடகை எதற்குப் போகப் போகிறது என்பதை மாமா தன் வாயாலேயே அவரிடம் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறார்.